இலை உருவும் மாதம்

ஆற்காடு ரோட்டில், ஆஸ்பத்திரி கேட்டுக்கு எதிரே
பதினோரு வருஷமாக ஆப்பிள் விற்கிறேன்.
இங்கே அது பழமில்லை,
பார்க்கப் போகிறவர் கையில் இருக்க வேண்டிய ஒன்று.
அரைக் கிலோ என்றால் தூரத்துச் சொந்தம்.
ஒரு கிலோவும் ஹார்லிக்ஸும் என்றால் சம்பந்தி.
தனக்கென்று வாங்கித் தின்றவர்களை
விரல்விட்டு எண்ணலாம்.

அதில் ஒருவர் நேகி. கின்னௌர்க்காரர்,
என் அட்டைப்பெட்டி மேல் அச்சடித்திருக்குமே, அந்த ஊர்.
அப்பாவுக்கு வைத்தியம், மூன்று மாதம் லாட்ஜ் வாசம்.
சாயங்காலம் ஒன்றே ஒன்று எடுப்பார்,
காம்புப் பள்ளத்தில் மூக்கை வைப்பார்,
"போன வருஷத்தது" என்பார்.
ஆனாலும் காசு கொடுத்துவிடுவார்.
பாதி இந்தி, பாதி கைஜாடையில் ஒருநாள் சொன்னார்:
மரம் தூங்கணும், தீதி.
பனியில் இலையெல்லாம் கொட்டிவிட்டு
ரெண்டு மாசம் செத்த மாதிரி நிற்கணும்.
தூங்காத மரம் பூக்காது.

ஒரு திங்கட்கிழமை அவர் வரவில்லை.
லாட்ஜ்காரனை நான் கேட்கவில்லை.

ஓசூர் லாரியில் கொழுந்தன் கொண்டுவந்தான்
இடுப்புயரக் குச்சி ஒன்று. வெயில் தாங்கும் ஜாதியாம்.
சத்துவாச்சாரியில் வீட்டுக்குப் பின்னால்
துவைக்கிற கல்லுக்கும் செப்டிக் டேங்குக்கும் நடுவே
ரெண்டடி வெட்டினால் பாறை.
கடப்பாறை போட்ட ஏகாம்பரம்
இன்றுவரை தோள்வலிக்கு ஆப்பிளைத்தான் திட்டுகிறார்.
போர் தண்ணி உப்பு.
லாட்ஜ் ஏசிகள் சொட்டுவதைக் கேனில் பிடித்து
தள்ளுவண்டியிலேயே கொண்டுவந்து ஊற்றினேன்.

பக்கத்து வீட்டு ஜீவரத்தினம் மதில்மேல் தலை நீட்டி,
"ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில்,
தண்ணி இல்லாத ஆறு...
இப்போ காய்க்காத ஆப்பிளும் ஊருக்குக் கெடச்சிடுச்சி" என்றார்.
கோயிலுக்குச் சாமி வந்து நாற்பது வருஷம் தாண்டிடுச்சி,
பாலாறும் அன்னிக்கு வந்த மழையில பாலத்தை மிரட்டிட்டுத்தான் போச்சி,
பட்டியலைத் திருத்துங்க என்றேன்.
ராஜாவைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

மூன்றாவது டிசம்பர்.
வேலூர்க் குளிர் ஒரு ஸ்வெட்டருக்குப் போதும்,
மரத்துக்குப் போதாது.
நானே உருவினேன்.
ஒவ்வோர் இலையாக, காம்பை மேல்பக்கம் மடக்கி,
மொட்டுக்கு நோகாமல்.
நோயில்லாத, பச்சையான இலைகள்.
இருநூறுக்கு மேல் எண்ணுவதை விட்டுவிட்டேன்.
"இன்னா, பைத்தியமா புடிச்சிக்கிச்சி?" என்ற ஏகாம்பரம்
வந்து ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார்.

தூங்கு என்றேன் குச்சியிடம்.
நான் மூன்று மணிக்கு மார்க்கெட்டுக்கு எழுகிறவள்.
ஆஸ்பத்திரி வாசலில் துண்டு விரித்துப் படுத்திருப்பவர்கள்
யாருடைய செல்போன் அதிர்ந்தாலும் எழுந்து உட்காருவார்கள்.
இந்த ஊரில் ஒன்றாவது
நிம்மதியாகத் தூங்கட்டுமே.

மாசியில் பூத்தது.
இத்தனை டன் விற்றும் நான் பார்த்திராத பூ.
வெள்ளைதான்,
ஓரத்தில் மட்டும் யாரோ கிள்ளிவிட்டது போல் சிவப்பு.
ஏழு பூ. ஆறு உதிர்ந்தது.
பிஞ்சுக்கு, காஷ்மீர்ப் பழங்கள் போட்டுவரும்
வெள்ளை நுரைவலை ஒன்றை மாட்டிவிட்டேன்.
கத்திரி வெயிலுக்கு என் நைலக்ஸ் புடவை பந்தல்.
ஜீவரத்தினம் தினமும் எட்டிப் பார்த்தார்.
வாய் திறக்கவில்லை.

எலுமிச்சையைவிடக் கொஞ்சம் பெரிசு.
அதிலும் வலையைக் கிழித்து
அணில் ஒரு பக்கம் தின்றிருந்தது.
விற்க முடியாது. யாரையும் பார்க்க எடுத்துப் போகவும் ஆகாது.
விடிய மூன்று மணி, கொல்லை பல்பு வெளிச்சத்தில்
மீதியைப் பறித்து
காம்புப் பள்ளத்தில் மூக்கை வைத்தேன்.

இந்த வருஷத்தது.