ஒரு மணிதான்

என் வேலை கேட்பது.
வேறொன்றுமில்லை.
காம்பியா ஆற்றின் வடகரையில்
பள்ளிக்கூடத்து மூன்றாம் வகுப்பறை.
நடுவே ஒரு திரை.
அந்தப்பக்கம் மூன்று பீப்பாய்கள்,
வேட்பாளருக்கு ஒன்று, ஆளுக்கொரு நிறம்.
இந்தப்பக்கம் மடக்கு நாற்காலியில் நான்.

இங்கே வாக்குச்சீட்டு கிடையாது.
கண்ணாடிக் கோலிக்குண்டு ஒன்று தருவோம்.
குழாய்க்குள் அதைப் போட்டால்
உள்ளே ஒரு மணி
டிங் என்று அடிக்கும்.
ஒருமுறைதான் அடிக்க வேண்டும்.
இரண்டு கேட்டால் நான் எழுந்து நிற்பேன்.
அடியில் மணல் பரப்பியிருக்கிறோம்,
விழுகிற கோலி
முன்னே விழுந்ததோடு பேசிவிடாதபடி.

சாவடிப் பக்கம் சைக்கிள் வரக் கூடாதென்று உத்தரவு.
ரொட்டிக்காரன் செய்க்கோ
மணியின் வாயைத் துணியால் கட்டி
வண்டியைத் தள்ளிக்கொண்டே போனான்.

சிரே பாஜியைப் பதிவு நாளிலேயே தெரியும் எனக்கு.
அலையாத்தி வேரில் சிப்பி வெட்டுகிறவள்.
ஓடு கீறிக் கீறி
அவள் விரல்களில் ரேகையே இல்லை;
இயந்திரம் ஒவ்வொன்றாகத் துப்பியது.
எந்த வருஷம் பிறந்தாய் என்றோம்.
'ஆற்றில் உப்பேறி நெல் கருகிய வருஷம்.'
அதற்குச் சான்று?
ஊர்த்தலைவர் கையெழுத்து வேண்டும் என்றோம்.
அவரோ எங்கோ ஒரு சாவு வீட்டில்.
மூன்று நாள் வந்து போனாள்.
மூன்று நாளும் ஆறு வற்றி,
சிப்பி தெரிந்து, மறுபடி மூடிக்கொண்டது.
நான்காம் நாள்
இடது சுண்டுவிரலை மட்டும் நம்பியது இயந்திரம்.
அட்டையில் பிறந்த தேதி ஜனவரி ஒன்று.
வரிசையில் பாதிப் பேருக்கு அதே பிறந்தநாள்தான்.

இன்று
விரலை மையில் முக்கினாள்.
கோலியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து
உள்ளே ஏதும் இருக்கிறதா என்று பார்த்தாள்.
திரைக்குள் போனாள்.

மணி அடிக்கவில்லை.

ஒரு கழுதை கத்தி ஓய்ந்தது.
கட்சி ஏஜெண்டுகள் மூவரும் என்னைப் பார்த்தார்கள்.
உள்ளிருந்து குரல்:
'வாத்தியாரே, போட்ட பிறகு மனசு மாறினால்?'
'எடுக்க முடியாது அம்மா. ஐந்து வருஷம்.'
'அப்படியானால் கொஞ்சம் இரு.'

இருந்தோம்.
வரிசையில் ஒரு குழந்தை பால் குடித்து முடித்தது.

டிங்.

வெளியே வந்தவள்
'இவ்வளவு சின்ன சத்தமா' என்றாள்,
யாரையும் பார்க்காமல்.

இனி சொல்வதை
அதிகாரி ஊஸ்மான் நஜாயிடம்கூட நான் சொல்லவில்லை.
நடுப் பீப்பாயின் மணியில் ஒரு விரிசல்.
இடதுபக்க மணி கொஞ்சம் கனம்.
மதியத் தொழுகைக்குள்
மூன்று குரலும் எனக்கு மனப்பாடம்.
வீட்டுக்காரர் யாருக்குப் போட்டார் தெரியும்.
ஊர்த்தலைவர் ஊரில் சொன்னதும்
உள்ளே போட்டதும் வேறு.
என் மனைவி
முந்தின இரவு மீன் சுத்தம் செய்தபடி
சத்தியம் செய்தது ஒன்று,
நான் கேட்டது ஒன்று.
சிரே பாஜியின் டிங்
நான் ஆசைப்பட்ட பீப்பாயில் இல்லை.

சாயங்காலம் துளைப்பலகையில்
கோலிகளை அடுக்கி எண்ணினோம்.
இருநூறு குழி, இருநூறு கண்ணாடி,
எது எவருடையது என்று
பலகைக்குத் தெரியாது.
தேநீர் நீட்டிய ஏஜெண்டு ஒருவன்
'வாத்தியாருக்குக் காது கூர்மையாச்சே' என்று சிரித்தான்.
'பள்ளிக்கூட மணி அடித்தே
பாதிச் செவி போச்சு தம்பி' என்றேன்.
தேநீரில் சர்க்கரை அதிகம்.

இரவு அவள் மீன் பரிமாறினாள்.
எதுவும் கேட்கவில்லை நான்.
முள்ளை மட்டும் பார்த்துச் சாப்பிட்டேன்.

விடிந்ததும் செய்க்கோ துணியை அவிழ்த்து
தெரு நெடுக மணியடித்துக்கொண்டு போனான்.
படுத்தபடியே
ஒவ்வொன்றுக்கும் ஒரு விரல்
மடக்கிக்கொண்டிருந்தேன்.