இரண்டு உப்பு

மோல்மேனில் மின்சாரம் ஒன்பதுக்குப் போனது.
ஒன்றுக்கு வரும் என்றார்கள், வந்தால்.
கேஸ் சிலிண்டர் நேற்றிரவே
நீலமாய் ஒருமுறை இமைத்துவிட்டு
அணைந்திருந்தது.
கரி வாங்கலாம்.
கரி வாங்க மாசிலாமணியிடம் சொல்ல வேண்டும்.
அவனோடு பேசி மூன்று நாளாகிறது.

எல்லாம் ஒரு பாட்டரியால்.
என்னைக் கேட்காமல்
என் தையல் சீட்டுப் பணத்தில்
எவனோ லாரிக்காரனிடம் வாங்கிவந்தான்.
நாற்பது நிமிடம் விசிறி சுற்றியது.
அப்புறம் அது
கூடத்தில் கனமான ஒரு முக்காலி.

கூடையைக் கவிழ்த்துப் பார்த்தேன்.
பருவம் முடிந்தும் தப்பிய
முடோன் பம்பளிமாஸ் ஒன்று.
வெள்ளரி இரண்டு. பாதி கேரட்.
தொட்டால் அழுதுவிடுகிற தக்காளி.
போதும்.
அடுப்பில்லாவிட்டால் என்ன,
எதையும் கையால் பிசைந்து
அத்தோ என்று பேர் வைத்துவிடுகிற ஊர் இது.
அந்தோவுக்கும் அத்தோவுக்கும்
ஒரு புள்ளியெழுத்துதான் தூரம்.

பம்பளிமாஸின் தோலில் கத்தி சிக்கிக்கொண்டது.
வாசலில் மூன்று சக்கர வண்டியைத் துடைத்தவன்
நான் திட்டுவது கேட்டு வந்தான்
(பழத்தைத்தான் திட்டினேன்).
வாயைத் திறக்காமல் அதை வாங்கி
பாட்டரிமேல் உட்கார்ந்துகொண்டான்.
தோலுக்குக் கீழே பஞ்சு,
பஞ்சுக்குக் கீழே சவ்வு.
சுளை உடையாமல் சவ்வைக் கழற்ற
இவ்வளவு பொறுமை இருக்கிறது இவனிடம்.
பழத்துக்கு மட்டும்.

வெள்ளரியைச் சீவினேன்.
வெங்காயத்தைத் தண்ணீரில் அலசிப் பிழிந்தேன்.
மிளகாய் இரண்டு போதும்.
ஐந்து நறுக்கினேன்.
வறுத்த கடலைமாவு டப்பா அவன் பக்கம்;
பார்த்தேன், தள்ளினான்.
இடித்த வேர்க்கடலை என் பக்கம்;
இருமினான், தள்ளினேன்.
பங்குனிக் காவடிக்குக் காப்புக் கட்டியிருக்கிறான்,
அதனால் நாப்பி கிடையாது.
புளியைக் கரைத்து ஊற்றி
எலுமிச்சையைப் பிழிந்து
உப்புப் போட்டேன்.
கை கழுவத் திரும்பிய நேரத்தில்
அவனும் போட்டிருக்கிறான்.
கேட்டால்தானே தெரியும்.

முதல் வாய்.
தன்ல்வின் ஆறு கடலில் விழுகிற இடத்தை
அள்ளி நாக்கில் வைத்தது போல் இருந்தது.

'உப்பு போட்டியா?'
'நீ?'

மூன்று நாளாய்ச் சேர்த்துவைத்த சொற்களில்
நல்லதாய் எத்தனையோ இருந்தன.
முண்டிக்கொண்டு வந்தது உப்புதான்.

எதிர்வீட்டு டோ மீ சானிடம் ஓடினேன்.
பப்பாளிக்காய் ஒன்று தந்தாள்,
மூன்று வெள்ளரி தந்தாள்,
என்ன சண்டை என்று கேட்டாள்.
கிண்ணம் போதாமல் சட்டி,
சட்டி போதாமல் துணி ஊறவைக்கும் பேசின்
(தேய்த்துக் கழுவித்தான்).
நான்கு கைகள் அதற்குள் பிசைந்தன.
இப்போது உப்பு சரி,
ஆள்தான் போதவில்லை.
டோ மீ சானின் மருமகன் வந்தான்.
தண்ணீர்க் கேன் போடுகிற பையன்
இன்னும் ஒரு கை வைக்கச் சொன்னான்.

மாசிலாமணி மிளகாய்க் கையால்
கண்ணைத் தொட்டுவிட்டான்.
தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டேன்.
ஐந்து மிளகாய் என்று நான் சொல்லவில்லை.
பணத்தைப் பற்றி அவனும் இன்னும் சொல்லவில்லை.
கண்ணை மூடிக்கொண்டே கேட்டான்:
'இதைத் திருப்பிக் கொடுத்துடவா?'
'மொதல்ல அதுமேலேருந்து எந்திரி.'

ஒன்றேகாலுக்கு மின்சாரம் வந்தது.
எல்லார் கையிலும் புளி.
ஸ்விட்சைத் தொட ஆளில்லை.