ஒன்பதாயிரத்து இருநூறு அடி

விசாரணை அறையில் என் குரலைப்
பதினொரு முறை போட்டுக் காட்டினார்கள்.
தெளிவாகத்தான் இருக்கிறது.
செவன் டூ ஒன், சிக்ஸ் தௌசண்டுக்கு இறங்கலாம்.
சளி இல்லை, அவசரம் இல்லை,
ஒரு கொட்டாவிகூட இல்லை.

அடுத்து அந்த விசில்.
ஒரே அலைவரிசையில் ஒரே நொடியில்
இரண்டு பேர் வாய் திறந்தால்
ரேடியோ இருவரையும் விழுங்கிவிட்டுக்
குக்கர் மாதிரி கூவும்.
அதன் வாலில் ஒட்டிக்கொண்டு
"...ஒன், சிக்ஸ் தௌசண்ட்"
என்று ஓர் ஆண்குரல்.
எந்த ஒன் என்று நான் கேட்கவில்லை.
எதிர்பார்த்தது வந்துவிட்டது.
காது அத்தோடு கடையைச் சாத்திக்கொண்டது.

செவன் டூ ஒன்னுக்குக் கீழே திருப்பூர்,
சாயப்பட்டறைகள், தட்டையான நிலம்.
டூ செவன் ஒன்னுக்குக் கீழே மேகம்,
மேகத்துக்குள் நீலகிரி.
இரண்டும் இறங்கின.

திரையில் அதன் எண்
நூற்றுப்பத்து, நூற்றுமூன்று, தொண்ணூற்றெட்டு
என்று கரைந்தபோது
வேறொருவருக்குக் காற்றின் திசையைச்
சொல்லிக்கொண்டிருந்தேன். பணிவாக.

தொட்டபெட்டா எட்டாயிரத்து அறுநூற்று ஐம்பது.
விமானம் நிமிர்ந்தது ஒன்பதாயிரத்து இருநூறில்.
நான் சொல்லி அல்ல.
விமானி அறையில் ஓர் இயந்திரம்
மலை, மலை, மேலே இழு என்று கத்தியதால்.
யாரும் தனக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று
அது காத்திருப்பதில்லை.

லீவு கிடைத்தால் தங்கலாமென்று
கோத்தகிரியில் ஓர் அறை எடுத்துவைத்திருந்தேன்.
இப்போது லீவு கேட்காமலே தங்குகிறேன்,
மறு உத்தரவு வரும்வரை.

பக்கத்து வீட்டுச் சிவபாக்கியம்
முதல் நாளே சொன்னாள்:
"போன மாசம் ஒரு பிளேன், மஞ்சுக்குள்ள,
கூரைமேல உக்காரப் போகுதுன்னே நெனச்சோம்.
தட்டுல அடுக்கின டம்ளரெல்லாம் ஆடுச்சு.
ஓட்டுறவனுக்குக் கண்ணு இல்லியா?"

காது, என்றேன்.
"மினிபஸ்ல கட்டபெட்டுன்னு கூவினா
தொட்டபெட்டான்னு காதுல விழுந்து
எறங்கிடுறாங்கல்ல, அப்படி."

பச்சை மிளகாயைக் காம்பு கிள்ளியபடி யோசித்தாள்.
"அப்ப கண்டக்டரைத்தான் கேக்கணும்."

கேட்டார்கள், அக்கா.
பதினொரு முறை.

மறுநாள் சாயங்காலம் பொழுது போகாமல்
இலை எடை போடும் கொட்டகைப் பக்கம் போனேன்.
பதினேழு, என்றார் கணக்கர் போஜன்.
பதினேழரை, என்றாள்.
முள்ளை எட்டிப் பார்த்துவிட்டுச் சரி என்றார்.
"எழுதினதை வாசிங்க."
வாசித்தார்.
"யார் பேர்ல?"
சிவபாக்கியம்.
"எந்தச் சிவபாக்கியம்?
மேல்லைனா, கீழ்லைனா?"
பின்னால் வரிசை முனகியது.
தகரத்தில் மழை விழ ஆரம்பித்தது.
"மேல்லைன்" என்று அவர் திரும்ப எழுதி முடிக்கும்வரை
ஈரச் சாக்கை இடுப்பில் கட்டிக்கொண்டு
அவள் நகரவே இல்லை.
அரை கிலோவுக்கு.

நான் அங்கே நிற்க முடியாமல்
சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே இறங்கி
எதற்கென்று தெரியாமல் வேகமாக நடந்தேன்.

இரவு எட்டு ஐம்பதுக்கு ஒன்று போகும்.
இன்று சத்தம் கொஞ்சம் தடித்திருந்தது,
ஈரக்காற்றாக இருக்கலாம்.
வெற்றுக் கையின் கட்டைவிரல்
இல்லாத பொத்தானை அழுத்தியிருந்தது.

சுவரைத் தட்டினேன்.
"அக்கா, டம்ளர் ஆடுதா?"
"ஆடல."
பாதி வார்த்தையில் நாய் குரைத்தது.
"என்ன சொன்னீங்க? திருப்பிச் சொல்லுங்க."
"ஆடலன்னுதானே சொல்றேன்.
ஒனக்கென்ன, காது கேக்காதா?"