பதினெட்டு டிகிரி

சஸ்கட்டூனில் ஜனவரி. மைனஸ் முப்பத்தெட்டு.
மூக்கு மயிர் ஒவ்வொன்றும் உறைந்து
தனித்தனியாகக் குத்துகிற குளிர்.

கராஜில் ஒரே ஒரு பிளக் பலகை, இரண்டு வாய்.
ஒன்றில் என் காரின் எஞ்சின் ஹீட்டர்.
மற்றதில்
மீன்கடை மூடியபோது நாற்பது டாலருக்கு வாங்கிய
பழைய ஃபிரிட்ஜ்.
எத்தனை தேய்த்தும் ஓரத்தில் இன்னும் சால்மன் வாடை.
அதற்குள் கண்ணாடிக் குடுவையில் இருபத்துமூன்று லிட்டர் பீர்,
இடுப்பில் ஒரு சூட்டுப் பட்டையோடு,
பச்சை உடம்புக்காரி மாதிரி.

ஃபிரிட்ஜுக்குள் ஹீட்டர் வைத்திருக்கிறாள் என்று
வெண்டெல் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தான்.
சிரிக்கட்டும்.
ஈஸ்ட்டை அவனுக்குத் தெரியாது.
தின்னத் தின்னத் தானே கொதிக்கிற இனம் அது.
காய்ச்சியது ஞாயிறு.
காய்ச்சல் வந்தது செவ்வாய்.

பெட்டிக்குள் காற்று பதினாறு என்று சொல்லும்போது
நுரைக்கு அடியில் இருபத்திரண்டு இருக்கும்.
முதல் தடவை அது தெரியாமல்
வாழைப்பழமும் நெயில் பாலிஷுமாக மணந்த
நாற்பது பாட்டிலைக் கழுவுதொட்டியில் கவிழ்த்தேன்,
குழாயை முழுசாகத் திறந்துவிட்டு,
யாரும் முகர்ந்துவிடக் கூடாதே என்று.
அதன் பிறகு சென்சாரைக் காற்றில் தொங்கவிட்டதில்லை.
குடுவையின் விலாவோடு ஒட்டி,
மேலே ஸ்பாஞ்ச் வைத்து, டேப் சுற்றி.
காய்ச்சல் யாருக்கோ
அவர் நெற்றியைத்தானே தொட்டுப் பார்க்க வேண்டும்.

புதன் இரவு மூன்றரை. தலையணைக்கு அடியில் ஃபோன் நடுங்கியது.
பதினேழு புள்ளி ஆறு.
புரண்டு படுத்தேன்.
நாலேகாலுக்கு, பதினாறு புள்ளி ஒன்பது.
பதினேழைத் தாண்டி இறங்கினால் எழுந்துவிடுவது என்று
எனக்கும் எனக்கும் ஓர் ஒப்பந்தம்.

நைட்டி மேல் கோட்டு, வெறுங்காலில் பூட்ஸ்.
பிரேக்கர் விழுந்து கிடந்தது.
ஏற்றினேன். விழுந்தது.
காரைப் பிடுங்கிவிட்டு ஏற்றினேன். விழுந்தது.
பீரைப் பிடுங்கிவிட்டு ஏற்றினேன்.
அதற்கும் மசியவில்லை.
ஆறேகாலுக்கு நான் பள்ளிப் பேருந்தின் ஸ்டியரிங்கில் இருக்க வேண்டும்.
அதற்கு முன் இந்தக் கார் உயிர் பெற வேண்டும்.
ஆனால் காரைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு
வீட்டுக்குள் போக முடியாது.
இதை முடியும்.

இருபத்தெட்டு கிலோ, பனியில் பதினோரு எட்டு.
ஒவ்வோர் எட்டிலும் அது உள்ளே தளும்பி என் நெஞ்சில் இடித்தது.
குளியல் தொட்டியில் இறக்கினேன்.
ஒரு மக் வெந்நீர். பொறு.
இன்னொரு மக். பொறு.
அவசரப்பட்டால் அதுவும் தப்பு.
எட்டு டிகிரி ஒரே மூச்சில் ஏற்றினால்
விழித்துக்கொள்வது ஈஸ்ட் இல்லை, அதன் கோபம்.

மூத்திரம் போக வந்த வெண்டெல்
தொட்டி விளிம்பில் கோட்டோடு உட்கார்ந்திருந்த என்னையும்
கையில் இருந்த வெப்பமானியையும் பார்த்தான்.
"எவ்வளவு?"
"பதினேழே கால்."
போனான். கெட்டிலோடு திரும்பி வந்தான்.
அப்புறம் அரைமணி நேரம் அவன் கேட்டது ஒன்றே ஒன்று:
"நான் இப்போ எங்கே போறது?"

விடியும் முன்னே குடுவையின் மூச்சுக்குழாயில்
ஒரு குமிழி.
ரொம்ப நேரம் எதுவும் இல்லை.
பிறகு இன்னொன்று.
நாங்கள் இருவரும் வாய்விட்டு எண்ணிக்கொண்டிருந்தோம்.

ஆறு மணிக்கு ரேடியோ சொன்னது,
மைனஸ் நாற்பத்தொன்று,
இன்று பள்ளிப் பேருந்துகள் ஓடாது.
கார் விறைத்துச் செத்துக் கிடந்தது.
அதை யாரும் விசாரிக்கவில்லை.

மார்ச்சில் முதல் பாட்டிலைத் திறந்தோம்.
பக்கத்து வீட்டு ஓரீசியா ஹுமெனியுக்
ஒரு வாய் குடித்து, நாக்கில் நிறுத்தி,
"பச்சை ஆப்பிள் போட்டாயா இதில்?" என்றாள்.
இல்லை என்றேன்.
அது புதன்கிழமை.
மூன்றரையிலிருந்து நாலேகால் வரை.