நாற்பத்திரண்டாயிரம்

தொழிற்சாலையை மூடியபோது
நான்கு மாதச் சம்பளத்துக்கு ஈடாக
அப்பா அதைக் கொண்டுவந்தார்.
கீழ்வீட்டு நாதேலாவின் குழந்தை வண்டியில் வைத்து
போர்வை போர்த்தி
குத்தாயிசியின் பனிச்சேற்றில் மெல்லத் தள்ளிக்கொண்டு.
எதிரே வந்தவர்கள் குனிந்து பார்த்தார்கள்,
பிள்ளை யார் சாயல் என்று.

மின்சாரம் இரவில் வரும்.
ஒரு மணி நேரம். சில நாள் அதுவும் இல்லை.
வந்த நொடியில் ஐந்து மாடிக்கும் ஒரே கூச்சல்:
"ஷுகி மோவிதா!"
வெளிச்சம் வந்தாச்சு.
எல்லாரும் அடுப்புக்கும் இஸ்திரிப்பெட்டிக்கும் ஓட
நான் மட்டும் நாற்காலிக்கு ஓடுவேன்.

மிச்சம் இருபத்து மூன்று மணி நேரமும்
நானேதான் கணினி.
மெழுகுவர்த்தி, கணக்கு நோட்டு,
மூன்று காலி நெருப்புப்பெட்டிகள்.
ஒன்றின் பெயர் விலை.
ஒன்றின் பெயர் எண்ணிக்கை.
இன்னொன்று மொத்தம்.
உள்ளே ஆளுக்கொரு காகிதத் துண்டு.
எழுதிவைத்த பாஸ்கல் நிரலை விரல்வைத்துப் படித்து
பெட்டியைத் திறப்பேன், பழைய எண்ணை எடுப்பேன்,
புதிய எண்ணை வைத்து மூடுவேன்.
தம்பி மல்ஹாஸ் ஒருநாள்
மொத்தத்தை எடுத்து அடுப்பில் போட்டுவிட்டான்.
நிரல் அங்கேயே நின்றது.

எங்கள் படிக்கட்டுக்காரர்களின் ரொட்டிக்கு
அம்மாதான் வரிசையில் நிற்பாள், எல்லாருக்கும் சேர்த்து.
அறுபது ரொட்டி. ஒன்று எழுநூறு கூப்பன்.
நாற்பத்திரண்டாயிரம் என்றது என் பெட்டி.

வியாழன் இரவு வெளிச்சம் வந்தது.
நுனி வெட்டிய கையுறையோடு தட்டினேன்.
திரையில்
−23536.

முன்னால் நிற்கும் கோட்டைத் தூசி என்று நினைத்துத்
துடைத்துப் பார்த்தேன்.
அதற்குள் இருட்டு.

மூன்று இரவு என்னையே சந்தேகித்தேன்.
ஏழாறு நாற்பத்திரண்டு என்பதைக்கூட
விரல்விட்டு எண்ணினேன், வெட்கமாக இருந்தது.
"ரொட்டிக்காரன்தான் நமக்குத் தரணும்போல," என்றார் அப்பா,
"இந்த நாட்டைப் புரிந்துகொண்டது இது ஒன்றுதான்."
அம்மா சிரிக்கவில்லை.
நூல்போட்டுக் கட்டிய நோட்டுக்கட்டுகளைப்
பையில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

அட்டை கிழிந்த ரஷ்யக் கையேட்டில்
அடிக்குறிப்பாக இருந்தது விடை.
முப்பத்திரண்டாயிரத்து எழுநூற்று அறுபத்தேழு.
அவ்வளவுதான் அதன் பாத்திரம்.
அதற்குமேல் ஊற்றினால்
பால்போல் பொங்கி வழிந்து அடையாளம் காட்டாது.
சத்தமில்லாமல் கவிழும்,
பாதாளத்திலிருந்து மறுபடி நிரம்பத் தொடங்கும்.

கோபம்தான் வந்தது முதலில்.
நெருப்புப்பெட்டியில் எவ்வளவு பெரிய எண்ணும் அடங்கும்,
எழுத்தைச் சின்னதாக்கினால் போதும்.
இத்தனை எடைக்கு, இத்தனை கம்பிக்கு,
உனக்கு இது முடியவில்லையா?
பிறகு வேறு ஏதோ.
அதுவரை அது எங்கள் அறையில்
எல்லாம் தெரிந்தவர்போல் மௌனமாக உட்கார்ந்திருந்த விருந்தாளி.
அன்றைக்குத்தான்
போர்வையை இழுத்து அதன் தோளிலும் போட்டேன்,
குளிரில் கெட்டுவிடும் என்று எனக்கே காரணம் சொல்லிக்கொண்டு.

அடுத்த வெளிச்சத்தில் ஒரே ஒரு சொல்லை மாற்றினேன்.
பெரிய பாத்திரம்.
42000 என்றது, ஒன்றுமே நடக்காததுபோல.
நான் கத்திய கத்தலில்
கீழே நாதேலாவின் குழந்தை விழித்து அழுதது.

வாசலில் அம்மா, தலையெல்லாம் பனி.
"விலை ஏத்திட்டாங்க. புதுசு போடு."
எவ்வளவு என்று கேட்பதற்குள்
திரை ஒரு புள்ளியாகச் சுருங்கி அணைந்தது.

"சொல்லும்மா," என்றேன்,
தடவித் தடவிப்
பெட்டியைத் தேடிக்கொண்டே.