அறுப்பின் ஏலம்

கிலோ இரண்டு ரூபாய்க்கு விழுந்த வாரத்தில்தான்
ராயக்கோட்டையில் எங்களுக்கு அறுப்பின் பண்டிகை.
மண்டிக்கு வெளியே கொட்டிய தக்காளியை
மாடுகளும் முகர்ந்துவிட்டு நகர்ந்தன.
நன்றியைப் பற்றி எழுதிய பிரசங்கத்தை
நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன்.

பீடத்தடியில் அரைமூட்டை கேழ்வரகு, ஒரு பூசணி,
கால் கட்டிய எப்சிபாளின் கோழி.
என் ஜெபத்துக்கு இடையிடையே அதுவும் பேசியது.
தீத்து கூடையை இறக்கினார்.
"விக்காததுதான் ஐயரே. பழத்து மேல குத்தமில்ல."

ஏலம் நான்தான் கூவ வேண்டும்.
பத்து, என்றாள் சாலொமி.
அவள் கொல்லையிலும் அதே பழம் அழுகுகிறது.
ஐம்பது, என்றான் இரவு ஷிப்ட் முடிந்து
ஓசூர் பஸ்ஸிலிருந்து நேரே வந்த கிதியோன்;
அவன் அறையில் அடுப்பே கிடையாது.
நானூற்றுப் பத்தில் முடிந்தது.
தீத்து
மண் ஒட்டிய கால்விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கோழியை எப்சிபாளே ஏலம் எடுத்தாள்.
"கொடுத்துட்டேன்தான். மனசு கேக்கல."
கயிற்றை அவிழ்த்து, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனாள்.

ராத்திரி வரவு நோட்டைத் திறந்தேன்.
கோழி, முந்நூற்று இருபது.
தக்காளி என்று எழுதியபின்
வெகுநேரம் பேனா அங்கேயே நின்றது.
வாசலில் கிதியோன் வைத்துவிட்டுப் போன கூடை.
உள்ளே என் மனைவி
வெங்காயம் அரிகிறாள்.