அரை டிக்கட்

நோர்வூட் பஸ்ஸில் கண்டக்டர் கேட்டான்:
"உள்ளுக்கு என்னாக்கா, கேஸ் சிலிண்டரா?"
டியூபா என்றேன்.
மேலும் கீழும் பார்த்து அரை டிக்கட் கிழித்தான்.
அளவும் சரிதான். பெரியதில் முக்கால் இது,
மடியில் உட்காரும்,
டிக்கோயா வளைவுகளில் மட்டும் விலாவில் முட்டும்.

மூன்று பேர் சீட்டுக் கட்டி வாங்கினோம்.
லீசிங் கம்பனியில் தவணை எழுதும் நான்,
நாவலப்பிட்டி ஸ்டேஷனில் பாதை மாற்றிவிடும் நிமல்சிறி,
நோர்வூட்டில் ஃபிரிட்ஜ் திருத்தும் எபநேசர்.
ஆளுக்குப் பத்து நாள்.
பெப்ரவரியில் மட்டும் சண்டை.

சி டியூபா என்று விற்றவன் சொல்லவில்லை.
நாங்கள் பழகியதெல்லாம் பாடசாலை பேண்டின் பி ஃபிளாட்.
பழைய விரல்களோடு முதல் ஒத்திகைக்குப் போனேன்.
பாட்டு முழுக்க ஒரு படி மேலே ஏறி நின்றது.
கிளாரினெட் ரொசலின் சிரித்துச் சிரித்து
ரீடைக் கடித்துவிட்டாள்.
அப்புறம் மூன்று கிழமை
பஸ்ஸில், முழங்காலில், விரல் மாற்றிப் பழகினேன்.
கல்குலேட்டரிலும் சுட்டுவிரல் தானாக அழுந்தும்:
முதல் வால்வு, பி ஃபிளாட்.
சாமிமலை ஆட்டோக்காரர் ஒருவரின் வட்டி பிழைத்தது
அப்படித்தான்.

மார்கழியில் பித்தளை தொட முடியாது.
சுருதி எங்கோ கீழே கிடக்கும்.
சத்தம் வராமல் மூச்சை மட்டும் அனுப்பிச் சூடாக்க வேண்டும்,
பார்ப்பவர்களுக்கு
ஊதத் தெரியாதவள் மாதிரி இருக்கும்.
வாய் வானம் பார்த்தது. மாதா திருநாள் பவனியில்
மழைக்கு ஷவர் தொப்பி மாட்டினேன்; ஒலி தும்மியது.
கழற்றினேன். முடிவில் கவிழ்த்தால்
அரைப் போத்தல் தண்ணீர்,
ஒரு அட்டை, உயிரோடு.

கைமாற்றும் நாளில் அதிகம் பேச மாட்டோம்.
ஹட்டனில் ரயில் நிற்கும் நேரம் அவ்வளவுதான்.
பெட்டியைத் திறந்தால் தெரிந்துவிடும்.
முதல் ஸ்லைடு விரலகலம் வெளியே நின்றால் நிமல்சிறி;
ஏறிப் போகும் சுருதியை இழுத்துப் பிடிக்கிறவன்.
வால்வில் ஃபிரிட்ஜ் எண்ணெய் மணத்தால் எபநேசர்.
அந்த எண்ணெய் வேண்டாமென்று எத்தனை தரம்!

என் தடயம் என்னவென்று நான் கேட்டதில்லை.
ஒருநாள் நிமல்சிறி, நகரத் தொடங்கிய ரயிலிலிருந்து
அவனுடைய தமிழில் சொன்னான்:
"அக்காட நாளுக்குப் பொறகு கீழ் ஜி லேசா வருது."
இரவில் அயல்வீடு தூங்க
மெத்தைக்குள் அதன் வாயைப் புதைத்து
அந்த ஒரே சுரத்தை
நீட்டிக்கொண்டிருப்பேன்.
யாருக்கும் சொல்லியிருக்கவில்லை.
வாத்தியம் படித்துக்கொள்ளுமா?
ரொசலின் இல்லையென்கிறாள்.

எபநேசருக்குக் கட்டார் விசா வந்தது.
பங்கைக் கேட்டான். கேட்க வெட்கப்பட்டு,
ஃபிரிட்ஜ் மோட்டரைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.
எங்கள் இருவரிடமும் இல்லை.
எனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தேன்:
அவனுக்குத் தவணை எழுதினேன்.
பன்னிரண்டு மாதம், வட்டி பூச்சியம்.
கம்பனித் தாளில் எழுதிய பொய்யில்லாத முதல் பூச்சியம்.
கையெழுத்து வைத்துவிட்டு,
"என் பத்து நாள என்னா செய்வீங்க?" என்றான்.

ஒன்றும் செய்யவில்லை.
நான் நிமல்சிறி எடுப்பான் என்றிருந்தேன்,
அவன் நான் என்றிருந்தான்.
பத்து நாளும் ஹட்டன் பார்சல் அறையில்
லீக்ஸ் மூட்டைகளுக்கு நடுவே கிடந்தது.

பதினோராம் நாள் போனேன். வால்வு நாலும் இறுகியிருந்தன.
பெட்டிப் பைக்குள் அவன் விட்டுப்போன சின்னப் போத்தல்.
வேண்டாமென்று எத்தனை தரம் சொன்ன எண்ணெய்.
இரண்டு சொட்டு விட்டேன்.
நாலாம் வால்வு மெல்ல இறங்கியது.

அங்கேயே நின்று ஊதினேன், கீழ் ஜி.
தராசின் முள் அசைந்தது.
இல்லை, ரயில் வந்துகொண்டிருந்ததோ என்னவோ.